எள்ளும் நீரும்: குற்றாலத்து அருவிக்கரையும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும்

தமிழ் இலக்கியத்தில் குற்றாலம் பெரும்பாலும் களிப்பின் ஊராகவே இடம்பெற்றிருக்கிறது. திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகங்களில் தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சி வழியாக, இருபதாம் நூற்றாண்டில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் குற்றாலத்து வீட்டில் கூடிய நண்பர்களின் எழுத்துகள் வரையில், மலையும் சாரலும் பலாவும் மந்தியும் அருவிக் குளியலுமே திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. ஆனால் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு அதே அருவிக்கரை, இறந்தோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் துறையாகவும் இருந்துவருகிறது. ஆடி, தை அமாவாசைகளிலும் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசையிலும் பேரருவியின் அருகே மக்கள் கூடி, காலஞ்சென்ற தாய் தந்தையருக்கும் முன்னோருக்கும் தர்ப்பணம், அதாவது பெயர் சொல்லி நீர் வார்த்து அவர்களை நிறைவுறச் செய்யும் சடங்கை, நடத்துகிறார்கள். குற்றாலத்தின் இந்த முகத்தைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அந்தக் கூட்டத்தில் நரைத்த தலைகளுக்கு நடுவே நிற்கும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதப்பட்டது அதனினும் குறைவு.

இறப்புச் சடங்குகளை ஆராய்ந்தவர்கள் இறந்தவரின் உயிர் எங்கே செல்கிறது என்ற நம்பிக்கையையும், சாதிக்குச் சாதி மாறும் முறைகளையும் விரிவாகப் பதிந்திருக்கிறார்கள். சடங்கைச் செய்யும் கை யாருடையது, அந்தக் கைக்கு வயது என்ன என்ற கேள்வியை அவர்கள் அவ்வளவாக எழுப்பவில்லை. சராசரி ஆயுள் குறைவாக இருந்த காலத்தில், அம்மை, பேதி, காய்ச்சல், பிரசவம் ஆகியவற்றால் பெற்றோர் நடுவயதிலேயே மாண்டுபோன ஊர்களில், கொள்ளி வைத்தவன் பலமுறை மீசை அரும்பாத பையனாகவே இருந்திருப்பான். அவனுக்கு இந்த வழக்கங்கள் என்ன செய்தன, அவனுடைய தமக்கைக்கும் தங்கைக்கும் என்ன செய்யத் தவறின என்பதைக் காண்பது, வழக்கத்தின் வரலாற்றை அதன் இளைய அங்கத்தினரின் நிலையிலிருந்து எழுதிப் பார்ப்பதாகும்.

இறந்தோருக்கு உயிரோடிருப்பவர் பட்டிருக்கும் கடனை நீரால் தீர்ப்பதையே தமிழ் நீர்க்கடன் என்கிறது. இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவரைச் சொல்லும் 43ஆவது குறள், தென்திசையில் உறைவதாகக் கருதப்பட்ட முன்னோரையே முதலில் வைக்கிறது. இக்கடனைத் தீர்க்கக் காசியும் இராமேசுவரமும் உயர்ந்த இடங்கள் எனப்பட்டாலும், அவ்வளவு தூரம் போக வழியில்லாத குடும்பங்கள் அருகில் கிடைத்த ஆற்றையே நாடின. திரிகூடமலையில் பிறந்து குற்றாலத்தில் அருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறு இப்பகுதிக்கு அந்த வகையில் வாய்த்தது. மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபில் வந்த பராக்கிரம பாண்டியன், 1446இல் சிற்றாற்றின் கரையில் விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கியதும், வடகாசிக்குப் போக இயலாதவர்க்கு அதன் பலன் இங்கேயே கிட்டட்டும் என்று கருதியே என்பது ஊர் வழக்கு. 1457இல் தொடங்கிய கோபுரப் பணி நிறைவேறுமுன் 1463இல் மன்னன் மறைய, அதை முடித்தவன் அவன் தம்பி குலசேகர பாண்டியன். இறந்தவர் விட்டுச்சென்ற பணி இருப்பவர் தலையில் விழும் என்ற பழைய எண்ணத்துக்குத் தென்காசிக் கோபுரமே கல்லாலான சான்று.

நெல்லைச் சீமையில் சாவுச் செய்தியைத் துட்டி என்பார்கள். சாவு வீடு துட்டி வீடு, ஆறுதல் சொல்லப் போவது துட்டி கேட்பது. துட்டி வீட்டில் மகனுக்கு விதிக்கப்படும் முதல் வேலை நீர்மாலை. மகன்களும் பங்காளிகளும் ஆற்றுக்கோ கிணற்றுக்கோ போய்த் தலை முழுகி, செம்பிலும் குடத்திலும் நீர் முகந்து, நான்கு முனையிலும் தூக்கிப் பிடித்த வெள்ளைத் துணியின் கீழே, சங்கும் சேகண்டியும் ஒலிக்க ஈர வேட்டியோடு நடந்து வந்து, அந்த நீரால் இறந்தவரைக் குளிப்பாட்டுவார்கள். தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது தமிழகத்தில் பரவலான வழக்கு. தாய் இறந்த வீட்டில் கொள்ளிக்குடம் பெரும்பாலும் கடைக்குட்டியின் தோளுக்கு வந்ததற்கு இதுவே காரணம். பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப்பட்ட பிள்ளை அன்று மாலையே சுடுகாட்டில் அந்தக் குடத்தோடு நிற்க நேர்ந்தது. அவன் சிதையைச் சுற்றி வரும் மூன்று சுற்றிலும் பின்னால் வருபவர் குடத்தில் ஒவ்வொரு துளையாக இட, தோளிலும் முதுகிலும் நீர் வழியும். மூன்றாம் சுற்றின் முடிவில் குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தீ வைத்து, திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும். அடுத்துவரும் காடாற்றில், அதாவது சிதை அவிந்த சாம்பலின்மேல் பாலும் நீரும் தெளித்து ஆற்றும் சடங்கில், வெந்த எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி மண்கலயத்தில் சேர்ப்பதும் அவன் கையே.

இன்றைய பெற்றோர் பலர் ஒரு சிறுவனை இத்தனை அருகே கொண்டுசெல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. கொள்ளி வைத்த கையை நினைத்து ஆண்டுக்கணக்கில் உறக்கம் கெட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆயினும் இந்த முறை மரணத்தைப் பிள்ளையிடமிருந்து மறைக்க இடமே தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்ற பொய்க்கு அங்கே வழியில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் மூலையில் நிற்கும் வயதில், செய்வதற்கு ஒன்றன்பின் ஒன்றாக வேலை தரப்பட்டது. அந்த வேலைகள் எல்லாவற்றிலும் பெரியவர் ஒருவர் அருகில் நின்றார். பிராமணரல்லாத சாதிகளில் அப்படி நின்றவர் பெரும்பாலும் ஊரில் குடிமகன் எனப்பட்ட நாவிதர். எந்தக் கையால் எடுக்க வேண்டும், எப்போது வலம் வர வேண்டும், எப்போது விழுந்து கும்பிட வேண்டும் என்று காதருகே சொல்லிக்கொடுத்து நடத்தியவர் அவரே. வெள்ளைத் துணி கொண்டுவந்த வண்ணாரும் சிதை அடுக்கிய வெட்டியானும் அவரைப் போலவே சாதிக்கட்டால் பிணைக்கப்பட்டு, களத்து நெல்லையும் சில காசையும் கூலியாகப் பெற்றவர்கள். ஒரு சாதிப் பிள்ளையின் துக்கத்தைத் தாங்கிப் பிடிக்க மற்றொரு சாதியின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சுடுகாட்டு ஊழியத்துக்குக் கட்டுண்டிருந்தார்கள் என்பதை விட்டுவிட்டு இவ்வழக்கத்தின் நன்மையைப் பேசுவது நேர்மையாகாது.

தலையை மழிப்பதும் இச்சடங்கின் பகுதி. பெரியவருக்கு அது முடியை இழப்பது மட்டுமே. பதினைந்து வயதுப் பையனுக்கு அரும்பத் தொடங்கிய மீசையில் முதன்முதலாகக் கத்தி படுவதும் அந்த நாளாகவே அமைந்துவிடக்கூடும். மொட்டைத் தலையோடு அவன் வகுப்பறைக்குத் திரும்பும்போது, ஆசிரியரும் தோழர்களும் கேட்காமலேயே தெரிந்துகொள்கிறார்கள். வாய்திறந்து சொல்லும் சுமை அவனுக்கு இல்லை. முடி வளர்ந்து பழைய நிலைக்கு வரும்வரை அவனிடம் குரலைத் தணித்துப் பேச வேண்டும் என்பது எல்லாருக்கும் விளங்குகிறது. அதே வீட்டில் அதே தந்தையை இழந்து பள்ளிக்குத் திரும்பும் அவன் தங்கையிடம் அப்படியோர் அடையாளமும் இல்லை. அவள் இரட்டைச் சடையோடு பழைய இடத்தில் உட்காருகிறாள். தெரியாதவர் கேட்டால் சொல்ல வேண்டியவளும் அவளே.

பதினாறாம் நாள் கருமாதியில், இப்பகுதி மக்கள் விசேஷம் என்று சொல்லும் நாளில், தாய்மாமன் பையனின் தலையில் உருமால் கட்டுகிறார். உருமால் என்பது தலைப்பாகை. இனி இவ்வீட்டுப் பொறுப்பு இவனுடையது என்று உறவினர் முன்னிலையில் அறிவிக்கும் அடையாளம் அது. மானமுள்ள சடங்குதான், ஆனால் பல பிள்ளைகளின் படிப்பு அந்தத் துண்டோடு முடிந்துபோயிற்று. வயலோ கடையோ மில்லோ அவனை எடுத்துக்கொண்டது. பெண்பிள்ளைகள் வீட்டிலேயே இருந்து உழைத்தார்கள். தென்காசி, ஆலங்குளம், கடையம், முக்கூடல் பகுதிகள் பீடி சுற்றும் மகளிர் நிறைந்தவை. தந்தையின் வருமானம் நின்ற வீட்டில் தாயின் மடியிலிருந்த பீடித் தட்டுக்குப் பக்கத்தில் மகளின் தட்டும் வந்து சேர்ந்தது. 1976ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின் வழியே பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வந்ததும், 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பீடித்தொழிலில் அமர்த்தத் தடை விதித்ததும் அந்தத் தட்டுகளைப் பள்ளிப் பைகளாக மாற்ற எடுத்த முயற்சிகள். சடங்கு பிள்ளைக்குக் கொடுத்த பொறுப்பு அவன் தாங்கும் அளவினதா என்று உறவுச் சபை கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் காலம் கடந்தேனும் கேட்டது சட்டம்.

துக்கத்தின் முதல் ஆண்டு முழுவதும் விலக்குகளால் ஆனது. பண்டிகை இல்லை, மங்கல காரியங்களில் முன்னிற்க முடியாது, மலைக்கோயில் ஏறக் கூடாது. கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் குளித்துப் போவதால் ஊரே கறுப்பும் காவியுமாக நிறைந்திருக்கும். தோழர்கள் மாலை போட்டுக்கொள்ளும் அந்த நாள்களில் துக்கமுள்ள வீட்டுப் பையன் மட்டும் போட முடியாமல் நிற்பான். விலக்கு என்பது தண்டனைபோல் தோன்றினாலும், சிரிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அவனுக்குக் கிடைத்த விடுப்பாகவும் அது இருந்தது. ஆண்டு முடிவில் வரும் தலைத் திவசம் அந்த விடுப்பை முறைப்படி முடித்துவைக்கிறது.

அதன் பிறகு வருவதே ஆடி அமாவாசை. தந்தை உயிரோடு இருப்பவர் தர்ப்பணம் செய்வதில்லை என்பது இச்சடங்கின் அடிப்படை விதி. இந்த விதியின் விளைவு ஆழமானது. அருவிக்கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை ஆண்களும், எழுபது வயதுக் கிழவர் உட்பட, தந்தையை இழந்தவர்கள். வகுப்பில் தான் ஒருவனே தகப்பன் இல்லாதவன் என்று எண்ணியிருந்த பையன், இங்கே தகப்பன் இல்லாதவர்களால் மட்டுமே ஆன பெருங்கூட்டத்தில் ஓர் இடம் பெறுகிறான். தருப்பைப் புல்லை முறுக்கி மோதிரவிரலில் போட்டுக்கொள்ளும் பவித்திரம் அவன் சிறிய விரலில் தளர்ந்து சுழல்கிறது. புரோகிதர் சொல்லச் சொல்லத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்களை அவன் திருப்பிச் சொல்கிறான். முப்பாட்டன் பெயர் தெரியாமல் விழிக்கும்போது சிற்றப்பாவோ மாமாவோ எடுத்துக்கொடுக்கிறார். தெற்கு நோக்கி அமர்ந்து, உள்ளங்கையில் கறுப்பு எள்ளை வைத்து, நீரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட வழியாகச் சாய்த்து விடுகிறான். தேவர்க்குரிய நீர் விரல் நுனியால் விழ, பிதிரருக்குரிய நீர் இந்த வழியால்தான் விழ வேண்டும் என்பது முறை. பிறகு காக்கைக்குச் சோறும் பசுவுக்கு அகத்திக்கீரையும் வைத்துவிட்டு அருவியில் தலை கொடுக்கிறான்.

காலத்தின் பொருத்தமும் இங்கே உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றால் குற்றாலத்தில் அருவி கொட்டும் பருவம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. ஆடி அமாவாசை அதன் நடுவில் வருகிறது. தமிழகத்தின் பிற நீர்க்கடன் துறைகளான பாபநாசத்திலும் பவானி கூடுதுறையிலும் இராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்திலும் வருவோர் பெரும்பாலும் வழிபாட்டுக்காகவே வருகிறார்கள். குற்றாலத்தில் எள் இறைப்பவருக்குச் சில அடி தூரத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கூச்சலிட்டுக் குளிக்கும் பயணிகள் நிற்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நீரில்தான் நனைகின்றன. துக்கத்துக்கெனத் தனித்த இடம் வேண்டும் என்று கருதுவோருக்கு இது குறையாகப்படலாம். பதின்வயதுப் பிள்ளைக்கு இது குறையன்று என்றே சொல்லத் தோன்றுகிறது; அந்த வயதில் அழுகையும் விளையாட்டும் ஒரே நாளில், சில நேரம் ஒரே மணி நேரத்தில், மாறிமாறி வருகின்றன. தர்ப்பணம் முடித்த கையோடு அவன் அருவிக்கடியில் மற்றப் பையன்களோடு முண்டியடிப்பதை ஒருவரும் கண்டிப்பதில்லை.

ஆனால் தந்தை உயிரோடு இருப்பவர் தர்ப்பணம் செய்வதில்லை என்ற அதே விதி, தாயை இழந்து தந்தையோடு வாழும் மகனை வெளியே நிறுத்துகிறது. கொள்ளிக்குடம் சுமந்த கடைக்குட்டிக்கு ஆண்டுத் திதி உண்டே தவிர, சாத்திர வழக்கின்படி அந்த வரிசையில் இடமில்லை. நடைமுறையில் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு இருக்கலாம். மகளுக்கோ எந்த வழியிலும் இடமில்லை. அவளுக்கென மரபு வைத்திருந்தது ஒப்பாரி ஒன்றே. துட்டி வீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுத் தலைசாய்த்து, இறந்தவரின் குணத்தையும் தங்கள் கதியற்ற நிலையையும் சொல்லிப் பாடும் அந்த அழுகைப் பாட்டில், மகள் தாயின் அருகே அமர்ந்து கேட்டுக் கேட்டே சொல்லெடுக்கப் பழகினாள். ஆண்பிள்ளைக்குச் செயல் உண்டு, சொல் இல்லை; பெண்பிள்ளைக்குச் சொல் உண்டு, செயல் இல்லை. ஒப்பாரி அருகி, கூலிக்கு வந்து ஒலிபெருக்கியில் பாடுவோரிடம் அது போய்விட்ட இன்றைய நிலையில், அவளுக்கு அந்தச் சொல்லும் போயிற்று.

பழந்தமிழ்ச் சான்றுகள் இதற்கு மாறாக இருக்கின்றன. தந்தையை இழந்த இளம்பெண்களின் குரலைத் தமிழ் தன் மிகப் பழைய தொகையிலேயே வைத்திருக்கிறது: பறம்புமலைத் தலைவன் பாரி மூவேந்தரால் மாண்டபின், அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றின் 112ஆம் பாட்டு அமைந்திருக்கிறது. போன மாதத்து நிலவையும் இம்மாதத்து நிலவையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஐந்தடிப் பாட்டு அது. அழுகையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அன்று தந்தை இருந்தார், குன்றும் இருந்தது. இன்று இரண்டும் இல்லை என்பது மட்டுமே இருக்கிறது. பாரியின் தோழரான கபிலர் அப்பெண்களுக்குக் காவலராகி, மணம் பேசி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, பலிக்காமல், பார்ப்பாரிடம் அடைக்கலமாக விட்டு, பின் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பது அத்தொகைப் பாடல்களாலும் அவற்றின் குறிப்புகளாலும் பெறப்படும் வரலாறு. பிள்ளைகளுக்கு உதவ வந்த பெரியவரும் அதே இழப்பில் நொறுங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பழங்கதை தமிழில் இல்லை. மேலும், வேள் எவ்வி இறந்தபின் அவன் மனைவி யானையின் அடிச்சுவடு அளவேயான சிறிய இடத்தை மெழுகிப் புல்லின்மேல் பிண்டம், அதாவது இறந்தோர்க்குப் படைக்கும் சோற்றுருண்டை, வைத்ததை 234ஆம் பாட்டு சொல்கிறது. சுளகளவு இடத்தைத் தன் கண்ணீராலேயே மெழுகும் மற்றொரு பெண்ணை 249ஆம் பாட்டு காட்டுகிறது. இறந்தோர்க்குப் படைக்கும் கை ஆணின் கையாகத்தான் இருக்க வேண்டும் என்பது இம்மண்ணில் என்றும் இருந்த விதியன்று.

குற்றாலத்துக்கு அருகிலேயே, தந்தையை இழந்த பிள்ளையின் கதைக்குப் பிற்கால வடிவம் ஒன்றும் கிடைக்கிறது. சுப்பிரமணிய பாரதி ஐந்து வயதில் தாயை இழந்தவர். அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் தொடங்கிய பருத்தி ஆலை நொடித்து, வறுமையில் 1898இல் இறந்தபோது பாரதிக்கு வயது பதினைந்து. தென்காசியை அடுத்த கடையத்துச் செல்லம்மாளோடு அவருக்கு மணமாகி ஓராண்டே ஆகியிருந்தது. தாங்க ஆளில்லாத அந்தப் பிள்ளையைக் காசியிலிருந்த அத்தை குப்பம்மாள் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். பிதிர்க்கடன் தீர்க்க முதியவர்கள் போகும் ஊருக்கு, தந்தையை இழந்த பையன் படிக்கப் போனான். அங்கே அவன் மீசை வளர்த்து, தலைப்பாகை கட்டி, புதிய மொழிகளைக் கற்று வேறோர் ஆளாகத் திரும்பினான். தந்தையின் வீழ்ச்சியையும் மறைவையும், தான் அநாதையாக நின்றதையும் அவர் பாட்டில் எழுதியது 1910இல் வெளிவந்த சுயசரிதையில்தான். நடுவே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பதினைந்து வயதில் பட்ட அடிக்குச் சொல் கிடைக்க மகாகவிக்கே அத்தனை காலம் ஆயிற்று என்றால், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஒன்றும் பேசாமல் இருப்பதைக் கல்நெஞ்சம் என்று உறவினர் சொல்வது எவ்வளவு அநீதி.

அந்த அடி அடுத்த தலைமுறையிலும் விழுந்தது. கடலூர்ச் சிறையிலிருந்து 1918 டிசம்பரில் விடுதலையான பாரதி குடும்பத்தோடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கடையத்தில் வாழ்ந்து, சென்னைக்குப் போய், 1921 செப்டம்பர் 12 அதிகாலையில் திருவல்லிக்கேணியில் மறைந்தார். மூத்த மகள் தங்கம்மாளுக்கு அப்போது பதினேழை ஒட்டிய வயது. 1908இல் பிறந்த இளைய மகள் சகுந்தலாவுக்குப் பதின்மூன்றை ஒட்டிய வயது. பெண்விடுதலையைப் பாடிய தந்தையின் சிதைக்கு மகள்கள் தீ மூட்டவில்லை. மகன் இல்லாத அவருக்கு உறவினர் ஹரிஹர சர்மா கொள்ளி வைத்தார். எள்ளும் நீரும் அவர்கள் கைக்கு வராததால், அவர்கள் தந்தைக்குச் செய்த கடன் வேறு வடிவம் கொண்டது. தாய் சொல்லத் தங்கம்மாள் எழுதிய பாரதியார் சரித்திரம் 1941இல் நூலாயிற்று. சகுந்தலாவும் பிற்காலத்தில் தந்தையைப் பற்றி நூல் எழுதினார். தமிழகம் இன்று பாரதியின் வீட்டுவாழ்க்கையாக அறிந்திருப்பதில் பெரும்பங்கு, பதின்வயதில் தந்தையை இழந்த இரு பெண்களின் எழுத்தின் வழியே வந்தது.

பிற சமயத்தாரின் வழக்கங்களும் இவ்வட்டாரத்தில் அருகருகே வாழ்ந்துவருகின்றன. கடையநல்லூரிலும் தென்காசியிலும் வாழும் முஸ்லிம்களிடையே மகன் தந்தையின் சந்தூக்கை, அதாவது சவப்பெட்டியை, தோள்கொடுத்துச் சுமந்து, ஜனாஸா எனப்படும் இறப்புத் தொழுகையில் நின்று, கப்ர் எனப்படும் புதைகுழியில் பிடிமண் இடுகிறான். தந்தையில்லாப் பிள்ளையை யத்தீம் என்று அழைத்து, அவன் சொத்தையும் மானத்தையும் காக்கும் கடமையைத் திருக்குர்ஆன் வலியுறுத்துகிறது. ஆனால் பருவம் எய்தியதும் சட்டப்படி அப்பெயர் நீங்கிவிடுவதால், பதினைந்து வயதுப் பிள்ளை அங்கேயும் குழந்தைக்கும் பெரியவனுக்கும் நடுவில்தான் நிற்கிறான். கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று குடும்பத்தோடு சென்று கல்லறையைக் கழுவி, பூச்சாத்தி, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அங்கே மகனும் மகளும் ஒரே வேலையைச் செய்கிறார்கள்.

துக்கத்தை உளவியலும் ஆராய்ந்திருக்கிறது. உளப்பகுப்பாய்வாளர் சிக்மண்ட் பிராய்டு 1917இல் வெளியிட்ட கட்டுரையில், இழந்தவர்மேல் வைத்த பற்றைச் சிறிதுசிறிதாக விலக்கிக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார். இக்கருத்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வில்லியம் வோர்டனும் பிலிஸ் சில்வர்மனும், பெற்றோரில் ஒருவரை இழந்த 6 முதல் 17 வயது வரையான 125 பிள்ளைகளை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தபோது வேறொன்று தெரிந்தது: பிள்ளைகள் இறந்தவரோடு உறவை அறுத்துக்கொள்ளவில்லை, அவரோடு மனத்தில் பேசினார்கள், அவர் பொருள்களை வைத்துக்கொண்டார்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணினார்கள். சில்வர்மன் உள்ளிட்ட மூவர் 1996இல் வெளியிட்ட நூல், இத்தகைய தொடரும் உறவு நோயன்று, இயல்பே என்று நிறுவியது. ஆண்டுதோறும் பெயர் சொல்லி நீர் வார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் அதே ஆய்வின் மற்றொரு முடிவு நம் வழக்கத்தின் குறையைச் சுட்டுகிறது: பிள்ளைகளில் சிலருக்கு இடர்ப்பாடு முதலாண்டைவிட இரண்டாம் ஆண்டிலேயே வெளித்தெரிந்தது. துட்டி கேட்க வருவோர் பதினாறு நாளில் நின்றுவிடுகிறார்கள். விலக்குகள் தலைத் திவசத்தோடு முடிகின்றன. இரண்டாம் ஆண்டில் பிள்ளைக்கென நம்மிடம் இருப்பது அருவிக்கரையில் கழியும் ஒரு காலைப்பொழுது மட்டுமே.

அந்தக் காலைப்பொழுதும் இல்லாமற்போன ஆண்டுகள் 2020, 2021. பெருந்தொற்றுக் காலத்தில் குற்றால அருவிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. நீர்நிலைகளில் தர்ப்பணத்துக்குக் கூடவும் தடை இருந்தது. தொற்றால் மாண்டவர்களுக்கு நீர்மாலை இல்லை, குளிப்பாட்டல் இல்லை. உறையிட்டு வந்த உடலின் முகத்தையும் பிள்ளைகள் பலர் காணவில்லை. நோய்த்தடுப்புக்கு அது தேவையாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், மரணத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து உணரவைத்த நூற்றாண்டுகால வழக்கம் அறுந்தபோது அவ்விடத்தில் வேறெதுவும் வைக்கப்படவில்லை. தமிழக அரசு 2021 மே மாதத்தில் தொற்றால் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 இலட்சம் ரூபாயும், ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 இலட்சம் ரூபாயும் அறிவித்தது. 2025 செப்டம்பர் 15இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்தும் ஒருவரை இழந்து மற்றவரால் பேண இயலாமலும் உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. உருமால் கட்டியதும் படிப்பு நின்றுபோன தலைமுறைகளை நினைத்தால் இது சிறிய காரியமன்று.

பணத்தால் ஆகாத பங்கு குடும்பத்தாருடையதும் பள்ளியுடையதும். மொட்டையடித்து வராத பெண்பிள்ளையின் துக்கத்தையும் ஆசிரியர் கேட்டறிய வேண்டும். மனம் தாங்காத பிள்ளைக்கு 2022 முதல் இயங்கும் டெலிமானஸ் உதவி எண் 14416 இருப்பதை வகுப்பிலேயே சொல்ல வேண்டும். துட்டி கேட்டுப்போன மாமனும் சித்தியும் இரண்டாம் ஆண்டிலும் ஒருமுறை அந்த வீட்டு வாசலில் ஏற வேண்டும். வரும் ஆடி அமாவாசைக்குக் குற்றாலம் போகும் குடும்பங்கள் மகளையும் உடன் அழைத்துச் சென்று, அவள் கையிலும் எள்ளைக் கொடுக்கட்டும். தாயை இழந்த மகனையும் அந்த வரிசையில் உட்காரவைக்கட்டும்.